யசோதா அத்தைக்கு இன்னும் இருநூற்றுப் பத்துப் படி

நகரி,
புரட்டாசி மூன்றாம் வெள்ளிக்கிழமை, இரவு.

பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய யசோதா அத்தை அவர்களின் பாதங்களுக்கு, தங்கள் அண்ணன் மகள் ரேஷ்மா பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் நைனாவும் அம்மாவும் நலம். அங்கு தாங்களும் நாகபூஷணம் மாமா அவர்களும் நலமா என்று கேட்க வேண்டும் என ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இன்று சாயங்காலம்தான் தங்கள் வீட்டில் உட்கார்ந்து மூன்று தோசை தின்றேன். அப்போது எல்லோரும் நலமாகத்தான் இருந்தீர்கள். தங்கள் வலது முட்டியின் நலம் மட்டும் தெரியவில்லை, ஏனென்றால் மாமா எதிரில் உட்கார்ந்திருந்ததால் தாங்கள் நொண்டாமல் நடந்தீர்கள்.

இந்தத் ‘தாங்கள்’ இதோடு போதும் அத்தை. பிறந்ததிலிருந்து உன்னை ‘நீ’ என்று கூப்பிட்டுவிட்டு, இதை நாலு பக்கத்துக்குத் தொடர என்னால் ஆகாது.

பக்கத்து வீட்டுக்காரி எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வேறு வழியில்லை. ராத்திரியில் உன் போன் மாமாவின் சட்டைப் பையில் இருக்கிறது, காலையில்தான் உன் கைக்கு வரும். மாமா உன் கூடவே இருக்கிறார். அவர் தமிழில் ஊரையே பேசிக் கவிழ்ப்பார், ஆனால் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து ஒன்றும் வாசிக்கத் தெரியாது. அதனால் இதைத் தமிழில் எழுதி உன் மஞ்சள் டப்பாவுக்குள் வைக்கப்போகிறேன். விடியற்காலை மூன்றரைக்குக் குளித்ததும் அதை நீதான் திறப்பாய். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். ஷெட்டில் தறி ஓடும்வரைதான் எழுதுவேன், கரண்ட் போனால் பேனாவை மூடிவிடுவேன். நம் வீடுகளில் சத்தத்துக்கு யாரும் விழிப்பதில்லை. சத்தம் நின்றால்தான் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து “இன்னா ஆச்சி?” என்பார்கள்.

விஷயம் இதுதான். நாளைக் காலை பத்து மணிக்கு நம் ரகசியம் ஊர் முழுவதற்கும் தெரியப்போகிறது. சொன்னது நான்தான். திட்டுவதற்கு முன்னால் முழுவதும் படித்துவிடு.

போன வாரம் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் சந்தியா மேடம் கரும்பலகையில் பத்து வினைச்சொல் எழுதினார். கன்டினியூ, லாஸ்ட், ரிமெயின், எண்ட்யூர், பெர்சிஸ்ட், சர்வைவ், வித்ஸ்டாண்ட், இப்படிப் போய் கடைசியில் பெர்சிவியர். எல்லாமே தொடர்வது, நீடிப்பது, தாங்குவது பற்றிய சொற்கள். எங்கள் கைடு புத்தகத்தில் பத்துக்கும் நடுவில் சமக்குறி போட்டு, எல்லாம் ஒன்றே என்று முடித்திருந்தார்கள். மேடம் அந்தக் கைடைப் பிடுங்கி மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு, “இதி அபத்தம்” என்றார். பேட்டரிக்கு ஒரு சொல், பாறைக்கு ஒரு சொல், மனுஷிக்கு ஒரு சொல், மூன்றையும் ஒன்றென்று சொல்லுகிறவன் எதையும் தாங்கிப் பார்க்காதவன் என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் தெரிந்த ஒரு ஆளைப் பற்றி நிஜமான வாக்கியம் எழுத வேண்டும், பெயர் விவரத்தோடு எழுத வேண்டும், கற்பனை என்றால் பூஜ்யம். மற்றவர்கள் எல்லாம் கிரிக்கெட்காரர், எறும்பு, விதை என்று எழுதினார்கள். எனக்குப் பத்துச் சொல்லுக்கும் நீயே வந்து நின்றாய். நான் என்ன செய்வேன்?

இங்கிலீஷ்தானே என்ற தைரியம் வேறு. நம் வீட்டில் பேச்சுக்குத் தமிழ், ஆபீசுக்கும் சந்தைக்கும் தெலுங்கு. இங்கிலீஷ் மாத்திரை அட்டையிலும் தறி மோட்டாரின் தகட்டிலும் இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. இங்கிலீஷில் எழுதினால் கிணற்றுக்குள் தலையை விட்டுச் சொன்ன மாதிரி, வெளியே வராது என்று நம்பினேன். பத்து வாக்கியம் கேட்டார், நாலு பக்கம் எழுதினேன். உன் பெயர், மாமாவின் பெயர், தெருப் பெயர் எல்லாம் போட்டேன். மேடம் போன மாதம்தான் எங்கள் பள்ளிக்கு வந்தவர், புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், அவருக்கு உன்னையும் தெரியாது, நம் ஷெட் சுவரில் உள்ள ஃப்ளெக்ஸையும் தெரியாது.

நேற்று நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கண் ஈரமாக இருந்தது. “ரேஷ்மா, சாலா பாகா ராசாவ்!” என்று முதுகில் தட்டினார், அவ்வளவு நன்றாக எழுதிவிட்டேனாம். பத்துக்குப் பத்து. எனக்குச் சந்தோஷத்தில் காது சூடானது. அடுத்து அவர் சொன்னதில் அந்தப் பத்தும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதை மைக்கில் வாசிக்கப்போகிறாராம். முதலில் இங்கிலீஷில், அப்புறம் எல்லோருக்கும் புரிகிற மாதிரி தெலுங்கில்.

“வேணாம் மேடம்” என்றேன்.

“வெட்கப்படாதே.”

“மேடம், அது கற்பனை.”

“அப்ப பூஜ்யம் போடட்டுமா?” என்று சிவப்புப் பேனாவை எடுத்தார். நான் அத்தை மேல் சத்தியமாக எல்லாம் நிஜம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் யார் என்று உனக்கே தெரியும். பெற்றோர் கமிட்டி சேர்மன் நாகபூஷணம் மாமா, மேடையில் நடு நாற்காலி.

நான் எழுதியது இன்னதென்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மாமா உன்னிடம்தான் கேட்பார்.

சர்வைவ் என்ற சொல்லில் ஆரம்பித்தேன். அது மட்டும் எனக்கு. போன வருஷம் ஐப்பசியில் டெங்கு வந்து திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிளேட்லெட் கீழே கீழே போனது. நைனா ஷெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருந்தார், அம்மா அழுதுகொண்டிருந்தாள். நீ ஒன்பது ராத்திரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாய், நர்ஸ் துரத்தினால் வராந்தாவுக்குப் போய் அங்கிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாய். நான் தூங்குகிறேன் என்று நினைத்து, ஜன்னலில் தெரிந்த மலையைப் பார்த்து நீ பேரம் பேசியது எனக்குக் கேட்டது. “இந்தப் பொண்ண எழுப்பி உக்கார வெச்சிடு சாமி. அலிபிரிலேர்ந்து மேல வரிக்கும் ஒரு படி விடாம மஞ்சா பூசி குங்குமம் வெச்சிகினு வரேன்.” மறுநாள் நான் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டேன்.

அடுத்த வாக்கியம் தை மாதத்தைப் பற்றி. விடியற்காலை நாலு மணிக்கு மலையடிவாரத்தில், அலிபிரியில் ஆரம்பித்தோம். நீ குனிந்து மஞ்சள் பூச, நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு படியை எண்ண வேண்டும். நூறாவது படிவரை கோவிந்தா பாடிக்கொண்டே வந்தாய். இருநூற்றில் பாட்டு நின்றது. முந்நூற்றுப் பன்னிரண்டாவது படியில் குனிந்தாய், நிமிரவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. குனிந்தபடியே நீ நின்றதைப் பார்த்து, பின்னால் வந்த ஒரு குடும்பம் நீ பக்தியில் உறைந்துபோய்விட்டாய் என்று நினைத்து உன்னையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனது. நான் இடுப்பைப் பிடித்து நிமிர்த்தி, “போதும் அத்தே, எறங்கிடலாம்” என்றேன். “இன்னிக்குப் போதும்” என்றாய். நான் சொன்ன ‘போதும்’ ஒன்று, நீ சொன்ன ‘போதும்’ வேறொன்று. அதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

ரேணிகுண்டாவில் ரயில் மாறி நகரி ஸ்டேஷனில் இறங்கினால், மாமா ஆள் உயர மாலையோடு நிற்கிறார். கூட உறவுக்காரர் பன்னிரண்டு பேர், ஒரு மேளம். நீ ஒரு காலை இழுத்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்ததும் மாமா கத்தினார்: “வந்துட்டா பாரு! ஒரே நாள்ல மூவாயிரத்து ஐந்நூத்தம்பது படி! நடக்கவே முடியல பாரு, அப்டின்னா எப்டி ஏறியிருப்பா!” நீ வாயைத் திறப்பதற்குள் மாலை மூக்குவரை மூடிவிட்டது. ராத்திரி நம் பொதுக் கொல்லையில் பாத்திரம் தேய்க்கும்போது சொல்லிவிடலாம் அத்தை என்று நான் கெஞ்சினேன்.

“எப்டிடி சொல்றது? உள்ள மேளக்காரனுக்கு சோறு போட்டுகினு கீறாரு. அடுத்த மாசம் போயி மிச்சத்த முடிச்சிட்டா நெஜமாப்பூடும். அதுவரிக்கும் வாய மூடிகினு இரு.”

மறுநாளே சம்பத் அண்ணன் கடையில் ஃப்ளெக்ஸ் அடித்து ஷெட் சுவரில் கட்டிவிட்டார் மாமா. ஒரே நாளில் படிபூஜை முடித்த வீரப் பெண்மணி என்று தெலுங்கில் போட்டு, யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்த உன் படம். ரிமெயின் என்ற சொல்லுக்கு இதைத்தான் எழுதினேன். ஒன்பது மாத வெயிலில் உன் முகம் வெளுத்துப் போய்விட்டது. ‘ஒரே நாளில்’ என்ற எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

மாசியிலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் ரேணிகுண்டாவில் ஒரு முட்டி வைத்தியரிடம் போகிறோம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனோம். அப்படி ஒரு வைத்தியர் உலகத்தில் இல்லை. வைத்தியத்துக்குப் போகிறவள் ஒவ்வொரு முறையும் போனதைவிட அதிகமாக நொண்டிக்கொண்டு திரும்பி வந்தால் எந்தப் புருஷன் சும்மா இருப்பார்? “அவன் இன்னா வைத்தியம் பண்றான்? நாலு மாசமா போய்க்கினு கீற, இருந்த காலும் போவுது! வர்ற ஞாயித்துக்கிழமை நானே வந்து அவன் சட்டையப் புடிக்கிறேன்!” என்று மாமா சட்டை மாற்றியே விட்டார். நீ அசரவில்லை. “வாங்க. ஆனா அவரு உங்கள மாதிரி வயிறு இருக்கறவங்களப் பாத்தா, மொதல்ல அரிசிச் சோற நிறுத்திடுவாரு” என்றாய். மாமா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். இதற்கு வித்ஸ்டாண்ட் என்று எழுதினேன். எதிர்த்து நிற்பது என்று கைடில் இருக்கிறது. நீ எதிர்க்கவே இல்லை, நின்றாய், அவ்வளவுதான். மேடம் அந்த இடத்தில் ஓரமாக ஒரு டிக் போட்டு, பக்கத்தில் சிரிக்கிற முகம் வரைந்திருக்கிறார்.

போகப் போக இன்னொரு சிக்கல். விட்ட படிக்குப் போவதற்கே முந்தைய மாதங்களில் பூசிய படிகளையெல்லாம் ஏற வேண்டும். அங்கே போய்ச் சேரும்போது முட்டி முடிந்துவிடும். அதனால் வைகாசியிலிருந்து பஸ்ஸில் மேலே போய், அங்கிருந்து விட்ட படிவரை கீழே இறங்கி, அங்கே ஆரம்பித்து மேலே பூசிக்கொண்டு வந்தோம். எல்லோரும் கோவிந்தா கோவிந்தா என்று ஏறுகிறார்கள், நாம் மஞ்சள் கிண்ணத்தோடு எதிரே இறங்குகிறோம். ஒரு பெரியவர் பதறிப்போய், “அம்மா, சாமி பைன உன்னாரு!” என்று மேலே கை காட்டினார், சாமி எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் போகிறோம் என்று. “ஓடிப்போவமாட்டாரு நைனா, எனக்காக நின்னுகினு கீறாரு” என்றாய் நீ.

ஆனால் அத்தை, ஒன்றை எழுதும்போது மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அத்தனை தடவை பஸ்ஸில் மேலே போயும் நீ ஒரு தடவைகூடச் சாமியைப் பார்க்கவில்லை. கோயில் கோபுரம் தெரிகிற திருப்பத்தில் முந்தானையை முகத்தில் இழுத்து விட்டுக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். “சொன்னத முடிக்காம எந்த மூஞ்சிய வெச்சிகினு போயி நிப்பேன்?” என்றாய். கோயிலுக்குக் கூப்பிடு தூரம்வரை போய்ப் போய், பார்க்காமல் திரும்புகிறவர் நம் ஜில்லாவில் வேறு யார் இருக்கிறார்கள்? எண்ட்யூர் என்பது வலியைத் தாங்குவது என்று மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். வலியை மாடுகூடத் தாங்கும். ஆசையைத் தாங்குவதற்கு அந்தச் சொல் என்று நான் எழுதினேன். மேடம் அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

பெர்சிஸ்ட் என்ற சொல்லை நான் எதிர் வீட்டுப் பத்மாவதியம்மாவுக்குக் கொடுத்தேன். அதற்கு அவர்தான் தகுதி. ஒன்பது மாதமாக உன்னை விடாமல் கேட்கிறார். மகளிர் சங்கத்தில் வந்து பேசச் சொன்னார். நீ தப்பிக்க முடியாமல் ஒருநாள் போய் உட்கார்ந்தாய். “கடைசிப் படி எப்டிம்மா இருந்திச்சி? ஒடம்பு சிலிர்த்துப் போயிருக்குமே?” என்று அவர் கேட்டபோது நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், ஏனென்றால் அப்போது நாம் பாதிதான் ஏறியிருந்தோம். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, “மொதப் படி எப்டி இருந்திச்சோ, அதே கல்லுதான் பத்மாவதியக்கா” என்றாய். சங்கமே கையெடுத்துக் கும்பிட்டது. நீ ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நான் மட்டும்தான் கவனித்தேன்.

நூல் விஷயத்தையும் எழுதிவிட்டேன். பூசிய மஞ்சள் ஒரு மாதத்தில் காலடியில் தேய்ந்துவிடும், அதனால் விட்ட இடம் மறுமாதம் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கைப்பிடிக் கம்பியில் ஷெட்டு நூல், சிவப்பு, ஒரு இழை கட்டுவேன் அல்லவா? தறியில் அறுந்த இழையை முடிகிற அதே முடிச்சு. ஆனி மாதம் கட்டிவிட்டு வந்து ஆடியில் போனால், அந்தக் கம்பியில் நாற்பது நூல் தொங்குகிறது! ஏறிப் போகிறவர்கள் நம் நூலைப் பார்த்து, இது ஏதோ வேண்டுதல் கட்டுகிற இடம் போலிருக்கிறது என்று ஆளுக்கொன்று கட்டியிருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், ஒருவர் ரிப்பன், ஒருவர் கைக்குட்டைக் கிழிசல். ஒரு வளைவில் ஆரம்பித்து அடுத்த வளைவு தாண்டியும் போய்க்கொண்டே இருந்தது. ஒரு அம்மா நம் கண் எதிரில் கட்டிவிட்டு, இங்கே கட்டினால் கல்யாணம் கூடிவரும் என்று உன்னிடமே சொன்னாள். நீயும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டாய். அப்புறம் என்னிடம், “எதுடி நம்முது?” என்றாய். நான் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினேன், அங்கிருந்து தொடர்ந்தோம். இதுதான் கன்டினியூ. நிற்காமல் போவது மட்டுமே தொடர்வது என்று நான் நினைத்திருந்தேன். நின்ற இடத்துக்கே திரும்பி வந்து நிற்பதும் தொடர்வதுதான் என்று எழுதினேன். தறியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இழை அறுகிறது, அதற்காகச் சேலையை யாராவது துண்டுச் சேலை என்கிறார்களா?

பெர்சிவியருக்கு வேறெதுவும் எழுதவில்லை. உன் பெயரையும், ஒன்பது மாதத்தின் பெயரையும் வரிசையாக எழுதினேன். அதுவும் வாக்கியம்தான் என்று மேடம் ஒப்புக்கொண்டார்.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஆவணியில் நாம் நிறுத்தியது மோகாள்ள மெட்டில். முட்டியால் ஏறுகிற மலை என்று பெயர், உன் முட்டிக்கென்றே கடைசியில் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து மேலே இன்னும் இருநூற்றுப் பத்துப் படி. நாளைக்குப் புரட்டாசி சனிக்கிழமை. விடியற்காலை நாலரை பஸ்ஸைப் பிடித்தால் ஆறு மணிக்குத் திருப்பதி, ஏழு மணிக்கு மேலே, இறங்கிப் போய் ஆரம்பித்தாலும் பத்து மணிக்கு நீ கடைசிப் படியில் இருக்கலாம். மேடம் மைக்கைப் பிடிக்கும் நேரம். அவர் நீ முடிக்கவில்லை என்று வாசிக்கும்போது நீ முடித்திருப்பாய். மாமா மேடையில் கோபத்தோடு போன் செய்தால், “ஆமாங்க, ஒரே நாள்ல முடிக்கல, ஆனா முடிச்சிட்டேன்” என்று மலை மேலேயிருந்து நீ சொல்லலாம். கீழேயிருந்து சொல்வதற்கும் மேலேயிருந்து சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது அத்தை. மாமாவுக்கு மீசை துடிக்கும், ஃப்ளெக்ஸைக் கிழிப்பார், இரண்டு நாள் சாப்பிடமாட்டார், மூன்றாம் நாள் தோசை கேட்பார். ஆனால் முடிக்காமல் நாளைக்கு நீயும் அந்தக் கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தால், எல்லோரும் திரும்பி உன்னைப் பார்ப்பார்கள். ஒன்பது மாதம் நீ தாங்கியது எல்லாம் அந்த ஒரு பார்வையில் பொய் ஆகிவிடும். அதை என்னால் பார்க்க முடியாது. பொய் சொன்னவள் என்று அவர்கள் சொல்வார்கள். நான் பார்த்ததில் உன்னைவிட வாக்குத் தவறாதவள் யாரும் இல்லை, இதை எந்த மொழியில் எழுதினால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மாமாவிடம் வைத்தியர் அவசரமாக வரச் சொன்னார் என்று சொல்லிவிடு. கடைசி முறை. நான் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டு, நைனா நாலு மணிக்கு ஷெட்டுக்குப் போனதும் கொல்லை வழியாக வந்துவிடுகிறேன். காய்ச்சல் என்ற சொல்லை வாயால் சொல்லவே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆடி மாதத்திலிருந்து ஒரு கொசு கடித்தாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒரு தும்மல் வந்தால் அன்று முழுவதும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இருந்தாலும் உனக்காகச் சொல்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை. மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம், கடிதம் வந்தது தெரிந்துவிடும். உன் பாதத்தைத் தொட்டு, வலது முட்டியைத் தொடாமல், ஆசீர்வாதம் கேட்டு முடிக்கிறேன். நீ எனக்காகக் கேட்ட ஆயுளில் பாதியைச் சாமி உனக்கே திருப்பிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கிண்ணம் பிடிக்கும்
ரேஷ்மா.

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டேன். மறுபடி பிரித்துவிட்டேன். ஒன்றை எழுதாமல் விட்டேன், மறந்து அல்ல, பயந்து. நாலு பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியம் கற்பனை. அந்த நாற்பது நூலில் நம் நூல் எது என்று நான் தேடவே இல்லை, பார்த்ததும் தெரிந்தது. நம் முடிச்சு எனக்குத் தெரியாதா? எல்லாவற்றுக்கும் கீழே, முதலாவதாக இருந்தது. நான் உனக்குக் காட்டியது எல்லாவற்றுக்கும் மேலே இருந்த நூல். யாருடையதோ. அன்றைக்கு உன் முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது, முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாய். உன்னால் தாங்க முடிந்தது, எனக்குத்தான் தாங்கவில்லை. பத்துச் சொல்லில் ஒன்றுகூட எனக்குப் பொருந்தாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. நீ மோர் குடித்துக்கொண்டிருந்தபோது ஓடிப் போய் எண்ணினேன். நடுவில் நூற்று எண்பது படி மஞ்சள் இல்லாமல் வெறுமனே கிடக்கிறது. ‘ஒரு படி விடாம’ என்று நீ சொன்னதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டவளே நான்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு கொசுவும் அந்த நூற்று எண்பதுக்காகவே வருகிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே இருநூற்றுப் பத்து அல்ல, முந்நூற்றுத் தொண்ணூறு. பத்து மணிக்கு முடியாது, சாயங்காலம் ஆகிவிடும். மேலே எழுதிய திட்டம் எதுவும் நடக்காது. மேடம் வாசிக்கும்போது நாம் எப்போதும்போல நடுப்படியில்தான் இருப்போம், மாமா போன் செய்தால் மூச்சு வாங்கிக்கொண்டுதான் பதில் சொல்ல வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் நீ என் காதைத் திருகு, ரேணிகுண்டாவரை திட்டு, திருப்பதிவரை பேசாமல் வா. ஆனால் ‘போனது போகட்டும், விட்டுடலாம்’ என்று மட்டும் நீ சொல்லமாட்டாய். கீழே, அந்த முதல் நூல் இருக்கும் இடத்துக்கு இறங்கு என்றுதான் சொல்வாய்.

மஞ்சள் ஒரு பாக்கெட் போதாது. இரண்டு எடுத்து வை.